பழைய புரோகிரஸிவ் பிரஸ் அடிக்கடி மக்கர் செய்கிறது, எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

பித்தளைப்பிரியன்:

வணக்கம் நண்பர்களே. சுட்ட தோட்டாக்களின் காலிக் கேஸில் புதிய பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சின்ன மூடி), பவுடர், புல்லட் வைத்து மறுபடி தோட்டாவாக்கும் ரீலோடிங் வேலையை, ஒரு நேரத்தில் ஒரு டை (கேஸை வடிவமைக்கும் அச்சு) மட்டும் வைக்கும் சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில்தான் இதுவரை செய்து வந்தேன். ஒரு தட்டு கேஸ் முழுவதையும் சைஸ் செய்து (சுட்டதில் விரிந்ததைப் பழைய அளவுக்குச் சுருக்கி) முடித்து, டையை மாற்றி, மறுபடி முதல் கேஸிலிருந்து வாய் விரித்து, மறுபடி டையை மாற்றி என்று போகும் அந்த வேலை எனக்குப் பிடித்தமானதுதான். ஆனால் போட்டிகளில் 9 எம்எம், .45 ஏசிபி என்ற இரண்டு பிஸ்டல் தோட்டாக்களையும் சுட ஆரம்பித்த பிறகு அந்த வேகம் போதவில்லை. அதனால் ஐந்து ஸ்டேஷன் உள்ள, கேஸ்களைத் தாங்கும் வட்டத் தட்டு (ஷெல்பிளேட்) தானாகவே சுழலும் புரோகிரஸிவ் பிரஸ் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினேன். உடம்பு கனமானது, தட்டை ஏற்றி இறக்கும் ராம் தண்டில் ஆட்டம் எதுவும் தெரியவில்லை, பார்த்தால் நல்ல மிஷின் மாதிரிதான் இருக்கிறது.

ஆனால் ஒரு நாள் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, அடுத்த தடவை உட்கார்ந்தால் ஒவ்வொன்றாகத் தகராறு. பிரைமர் சில சமயம் மெத்தென்று உள்ளே போகிறது, சில சமயம் கைப்பிடியைத் தள்ளவே முடியாமல் முட்டுகிறது, முட்டும்போது நான் அழுத்துவதில்லை, நிறுத்திவிடுகிறேன். எடுத்துப் பார்த்தால் பிரைமர் ஒரு பக்கம் சாய்ந்தோ நசுங்கியோ இருக்கிறது. நன்றாகப் போனது போலத் தோன்றியதிலும் சிலவற்றில் விரலால் தடவினால் பிரைமர் கேஸின் அடிமட்டத்தைவிடத் துருத்திக்கொண்டு நிற்கிறது. அடுத்தது, ஷெல்பிளேட் சுழன்று நிற்கும்போது சுளீர் என்று ஒரு துள்ளல், 9 எம்எம் கேஸிலிருந்து பவுடர் சிதறுகிறது. சில நேரம் தட்டு முழுதாகச் சுழலாமல் முக்கால் வழியில் நின்றுவிடுகிறது. கடைசியாக, முழுத் தோட்டாவின் நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, சிங்கிள் ஸ்டேஜில் இதே டை, இதே புல்லட் வைத்துச் செய்தபோது இந்த வித்தியாசம் வந்ததில்லை.

மிஷின் தேய்ந்துவிட்டதா, அல்லது சரிசெய்யக்கூடிய விஷயமா? எந்த முனையிலிருந்து பிடிப்பது என்றே புரியவில்லை. டைகள் எல்லாம் புதியவை, கார்பைடு. நான் இருக்கும் இடத்தில் லைசென்ஸ் உள்ளவர் சொந்தத் தேவைக்கு ரீலோட் செய்ய அனுமதி உண்டு, அந்தப் பக்கம் சிக்கல் இல்லை.

லேத்காரன்:

நண்பரே, நீங்கள் நான்கு குறை சொல்லியிருக்கிறீர்கள், எனக்கு அது ஒரே குறையின் நான்கு முகமாகத்தான் தெரிகிறது. ஷெல்பிளேட்டைப் பிடித்திருக்கும் நடு போல்ட் தளர்ந்திருக்கிறது என்று பந்தயம் கட்டுவேன்.

ஏன் என்று சொல்கிறேன். தட்டு தளர்ந்திருந்தால் அது சமமாக உட்காராது, ஒரு பக்கம் லேசாகத் தூக்கும். அப்போது பிரைமர் ஏறும் ஸ்டேஷனில் கேஸின் குழி பிரைமரை மேலே தள்ளும் 'பஞ்ச்' ஊசிக்கு நேர் மேலே இருக்காது, ஒரு மயிரிழை தள்ளி நிற்கும். பிரைமரின் விளிம்பு குழியின் விளிம்பில் முட்டும், அதுதான் உங்களுக்குச் சாய்ந்தும் நசுங்கியும் வருகிறது. அதே தளர்வால், அடுத்தடுத்த ஸ்டேஷன்களில் கேஸ் எவ்வளவு உயரம் போகிறது என்பதும் ஒவ்வொரு இழுப்புக்கும் மாறும், புல்லட் உட்காரும் ஆழம் மாறும், நீளம் மாறும். இப்போது பவுடருக்கு வாருங்கள். தட்டு துள்ளும்போது சிதறும் பவுடர் மணிகள் எங்கே போகும்? ஷெல்பிளேட்டின் மேல் விழுந்து, அங்கிருந்து பிரைமர் கப்புக்குள் இறங்கும். கப்பின் அடியில் ஒரே ஒரு மணி கிடந்தால் போதும், அதன் மேல் பிரைமர் உட்கார்ந்து குழிக்குள் போகும்போது ஆழம் குறையும், துருத்தி நிற்கும். துருத்திய பிரைமர்களை நல்ல வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அடிப்பரப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம் அமுங்கியிருந்தால் அது பவுடர் மணியின் அச்சு. அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் மிஷினைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பிரைமர் குழாயைக் கழற்றி, உள்ளே இருப்பவற்றைத் தட்டில் கொட்டி, வேறு இடத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். ஹாப்பரில் இருக்கும் பவுடரையும் அதனுடைய சொந்த டப்பாவுக்கே திருப்பிவிடுங்கள். மேஜையில் வெடிக்கக்கூடிய பொருள் எதுவும் இல்லாத பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும். பிறகு ஷெல்பிளேட்டை முழுதாகக் கழற்றி, அடியில் சேர்ந்திருக்கும் கரியையும், பழைய பிரைமரிலிருந்து உதிர்ந்த பொடியையும் துடைத்தெடுங்கள். பழைய மிஷின் என்றால் அங்கே ஒரு கறுப்புப் படிவமே இருக்கும். பிரைமரை ஒவ்வொன்றாகக் கொண்டுவரும் ஸ்லைடு ஓடும் பள்ளம்தான் முக்கியம். அங்கே எண்ணெய் போடாதீர்கள், எண்ணெய் பட்ட இடத்தில் பவுடரும் கரியும் ஒட்டிக்கொண்டு மாவு மாதிரி ஆகிவிடும், ஸ்லைடு முழுதாகத் திரும்பாமல் பாதியில் நிற்கும். எண்ணெய் ராம் தண்டுக்கு, கிரீஸ் கைப்பிடி இணைப்பு ஊசிகளுக்கு. மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருக்கட்டும்.

திருப்பி மாட்டும்போது நடு போல்டை முழுதாக முறுக்குங்கள், தட்டு சுழலாமல் பிடித்துக்கொள்ளும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக்கொண்டே தட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். தடங்கலில்லாமல் சுழல வேண்டும், ஆனால் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடக் கூடாது. அந்த இடம் கிடைத்ததும் பக்கத்தில் இருக்கும் செட் ஸ்க்ரூவை இறுக்கிவிடுங்கள். பல பேர் போல்டை மட்டும் இறுக்கிவிட்டு செட் ஸ்க்ரூவை மறந்துவிடுவார்கள், தட்டு சுழலச் சுழல போல்ட் தானாகவே கழன்றுகொண்டு வரும். ஒரு நாள் ஓடி மறுநாள் மக்கர் செய்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

தட்டு முக்கால் வழியில் நிற்பது தனி விஷயமாகவும் இருக்கலாம். தட்டைத் தள்ளிச் சுழற்றும் நாக்கு தேய்ந்திருந்தாலோ, அதன் டைமிங் விலகியிருந்தாலோ அப்படி ஆகும். ஆனால் டைமிங் ஸ்க்ரூவை இப்போதே தொடாதீர்கள். சுத்தம் செய்து, தட்டைச் சரியாக உட்கார வைத்த பிறகும் நின்றால் மட்டும் அதைப் பார்ப்போம்.

இன்னொன்று, மேஜை. கைப்பிடியை இழுக்கும்போது மேஜை அசைகிறதா என்று வேறு ஒருவரை இழுக்கச் சொல்லி நீங்கள் பக்கவாட்டில் நின்று பாருங்கள். மேஜை வளைந்தால் பிரைமர் உட்காரும் உணர்வு உங்கள் கைக்கு வந்தே சேராது. சுவரோடு சேர்த்து போல்ட் போடுவது நல்லது.

நிதானி:

லேத்காரன் அண்ணா மிஷினைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் பயப்படுவது வேறு இடத்துக்கு.

புரோகிரஸிவ் பிரஸ் தடைபடும் அந்த ஒரு நிமிடம்தான் ஆபத்தானது. சரியாக ஓடும்போது ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொரு கேஸும் ஒரு ஸ்டேஷன் நகரும், பவுடர் ஒரு தடவைதான் விழும். பிரைமர் முட்டியது, கைப்பிடியைப் பாதி மேலே விட்டீர்கள், தட்டைக் கையால் ஒரு பல் பின்னால் திருப்பினீர்கள், மறுபடி இழுத்தீர்கள் என்று வையுங்கள். பவுடர் ஸ்டேஷனில் இருந்த கேஸுக்கு இரண்டாவது தடவை விழுந்ததா, இல்லை பக்கத்துக் கேஸ் பவுடரே விழாமல் தாண்டிப் போனதா என்று ஞாபகத்தை வைத்துச் சொல்லவே முடியாது. பவுடர் இல்லாமல் போனால் பிரைமரின் விசையில் மட்டும் புல்லட் கிளம்பி பேரலின் நடுவில் சிக்கி நிற்கும், அடுத்ததைச் சுட்டால் பேரல் வீங்கலாம், வெடிக்கலாம். இரட்டை அளவு விழுந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அதனால் என் மேஜையில் ஒரே சட்டம்: தடை வந்தால் ஷெல்பிளேட்டில் இருக்கும் எல்லாக் கேஸையும் வெளியே எடு. பவுடர் விழுந்ததைத் தராசில் போடு அல்லது டப்பாவில் கொட்டு. தடையைச் சரிசெய். காலித் தட்டோடு முதலிலிருந்து ஆரம்பி. நான்கு கேஸைக் காப்பாற்றப் போய் ஒரு சந்தேகத் தோட்டாவை மற்றவற்றோடு கலந்துவிட்டால், அப்புறம் அந்தப் பெட்டி முழுவதையும் புல்லட் பிடுங்கிப் பார்க்க வேண்டி வரும்.

கேஸ் பெரியதாகவும் பவுடர் அளவு சின்னதாகவும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா 1898-இல் வந்தது, கரும்பொடி நிரப்பும் காலத்து அளவில் அமைந்த கேஸ். அதில் இன்றைய வேகமான பவுடர் இரண்டு மடங்கு விழுந்தாலும் மேலே இடம் மிச்சம் இருக்கும், வழிந்து காட்டிக்கொடுக்காது. உங்கள் .45 ஏசிபியிலும் இலகு லோடுக்கு இதே கதைதான். 9 எம்எம்மில் பெரும்பாலும் இரட்டை விழுந்தால் வழியும், அதற்காக அதை நம்பி இருக்காதீர்கள். பவுடர் ஸ்டேஷனுக்கு அடுத்ததில், பவுடர் கூடியதா குறைந்ததா என்று காட்டும் பவுடர் செக் டை ஒன்றைப் போடுங்கள், கேஸ் வாய்க்கு நேராக ஒரு சின்ன எல்ஈடி விளக்கையும் வையுங்கள். ஒவ்வொரு கேஸுக்குள்ளும் கண்ணால் பார்த்த பிறகே புல்லட்டை வைக்க வேண்டும், பவுடர் செக் டை இருந்தாலும்.

அப்புறம் அந்தத் துருத்தி நிற்கும் பிரைமர்கள். பவுடரும் புல்லட்டும் ஏறிவிட்ட தோட்டாவில் பிரைமரை இன்னும் கொஞ்சம் அழுத்தி உட்கார வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புல்லட்டைப் பிடுங்கி, பவுடரைக் கொட்டி, பிறகுதான் பிரைமரைப் பற்றி யோசிக்க வேண்டும். குழாயில் பிரைமர் சிக்கினால் இரும்புக் கம்பியால் குத்தவும் கூடாது. குழாயில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருப்பவை ஒன்று வெடித்தால் வரிசையாகத் தொடர்ந்து வெடிக்கக்கூடியவை, அதற்காகத்தான் அந்தக் குழாயைச் சுற்றி இரும்புக் கவசக் குழாய் இருக்கிறது. உங்கள் பழைய மிஷினில் அந்தக் கவசம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அந்த மேஜையில் உட்காரவே கூடாது.

ஹெட்ஸ்டாம்ப்:

பிரஸ்ஸை எல்லாரும் பார்க்கிறீர்கள், கேஸை யாரும் கேட்கவில்லையே. பித்தளைப்பிரியன், உங்கள் கேஸ்கள் நீங்களே சுட்டவையா, ரேஞ்சில் பொறுக்கியவையா? பொறுக்கியவை என்றால் பிரைமர் முட்டுவதில் பாதி அங்கேதான் இருக்கும்.

.45 ஏசிபி காலங்காலமாகப் பெரிய பிரைமர் போடும் கேஸ். ஆனால் சின்ன பிரைமர் குழி வைத்த .45 கேஸ்களும் இப்போது நிறையக் கலந்து கிடக்கின்றன. பெரிய பிரைமர் 0.210 அங்குலம், சின்னது 0.175 அங்குலம். மேலோட்டமாகப் பார்த்தால் பழைய பிரைமர் இருக்கும்போது வித்தியாசம் கண்ணில் படாது, புரோகிரஸிவ்வில் வேகமாக ஓடும்போது நிச்சயம் படாது. சின்னக் குழிக்குள் பெரிய பிரைமரை அழுத்தினால் கைப்பிடி கல் மாதிரி நிற்கும். அங்கே நீங்கள் நிறுத்தியது மிகச் சரியான காரியம், அழுத்தியிருந்தால் வெடித்திருக்கலாம். லோட் செய்ய உட்காரும் முன்பே .45 எல்லாவற்றையும் தலைகீழாக ஒரு தட்டில் அடுக்கி, ஒரு தடவை பார்வை ஓட்டுங்கள். வரிசையாக இருக்கும்போது சின்னக் குழி பளிச்சென்று தெரியும்.

9 எம்எம்முக்கு வேறு தொல்லை. ராணுவத் தோட்டாக்களில் பிரைமர் கழன்றுவிடாமல் குழியின் விளிம்பைச் சுற்றி அமுக்கி வைத்திருப்பார்கள். பழைய பிரைமர் வெளியே வந்துவிடும், ஆனால் அந்த அமுக்கிய விளிம்பு அப்படியே இருக்கும், புதியது உள்ளே போகாமல் முட்டும். அந்த விளிம்பை ஸ்வேஜ் செய்து தள்ளிவிட வேண்டும், அல்லது ரீமரால் லேசாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்படிப்பட்டவற்றைத் தனி டப்பாவில் போடுங்கள்.

பெர்டான் கேஸ் வந்தால் இன்னும் மோசம். நமக்குப் பழக்கமான பாக்ஸர் கேஸில் நடுவில் ஒரு தீத்துளை, டீகேப்பிங் பின் அதன் வழியாகப் போய்ப் பழைய பிரைமரைத் தள்ளும். பெர்டானில் நடுவில் துளையே கிடையாது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சின்னத் துளைகள் இருக்கும், பின் நேராகப் போய் உலோகத்தில் இடித்து வளையும் அல்லது உடையும். முதல் ஸ்டேஷனில் எதிர்பாராமல் கனமாக முட்டினால் பெரும்பாலும் இதுவாக இருக்கும், இல்லையென்றால் உள்ளே ஒரு .22 கேஸோ கல்லோ கிடக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள்.

யாரும் அவ்வளவாகப் பேசாத ஒன்று உண்டு. பின் பழைய பிரைமரைக் கீழே தள்ளிவிடும், ஆனால் பிரைமர் பின்னின் நுனியிலேயே ஒட்டிக்கொண்டு, ராம் இறங்கும்போது மறுபடி குழிக்குள் இழுபட்டுவிடும். அடுத்த ஸ்டேஷனில் புதிய பிரைமர் அதன்மேல் போய் முட்டும். நீங்கள் சைஸிங் டையைத் திட்டுவீர்கள், தட்டைத் திட்டுவீர்கள், காரணம் பின் நுனியில் இருக்கும். நுனி தட்டையாக இருந்தால் இப்படி ஒட்டும். நுண்ணிய அரத்தால் நுனியை லேசாக உருட்டிவிட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். பிரைமரை உதறித் தள்ளும் ஸ்பிரிங் வைத்த பின்களும் கிடைக்கின்றன.

கார்பைடு டை என்பதால் லூப் (வழுக்குவதற்கான எண்ணெய்) வேண்டாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் 9 எம்எம் கேஸ் நேர் உருளை இல்லை, லேசாகக் கூம்பும். ஸ்பிரே லூப் ஒரு துளி போட்டுக் குலுக்கிவிட்டால் இழுப்பு பாதியாகக் குறையும். இழுப்பு குறைந்தால் மற்ற ஸ்டேஷன்களில் நடப்பது கைக்கு நன்றாகத் தெரியும், நான் லூப் போடுவது முக்கியமாக அதற்காகத்தான்.

வேகமில்லா:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபிக்காதீர்கள். அதை விற்றுவிட்டு ஒரு டரட் பிரஸ் வாங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேஸ்தான் மிஷினில் இருக்கும், அதன் தலைக்கு மேல் டைகள் சுழலும், பவுடர் விழுந்ததா என்ற கேள்வி ஒரு கேஸோடு முடிந்துவிடும். சிங்கிள் ஸ்டேஜைவிட வேகம், புரோகிரஸிவ்வைவிட நிம்மதி. போட்டிக்குச் சுடுபவருக்கும் வாரம் ஓரிரு மாலை உட்கார்ந்தால் தேவையான அளவு தேறிவிடும். ஐந்து வேலை ஒரே இழுப்பில் நடக்கும்போது மனித மனம் ஐந்தையும் கவனிக்காது, கவனிப்பதாக நினைத்துக்கொள்ளும்.

லேத்காரன்:

டரட் நல்ல மிஷின், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது விற்கலாமா என்று இல்லை, மிஷின் தேய்ந்ததா என்று. ராம் தண்டில் ஆட்டம் இல்லை என்று அவரே சொல்கிறார், அப்படியானால் உயிர் போகவில்லை. தேயும் பாகங்கள் எல்லாம் சின்னவை: பிளாஸ்டிக் நுனி, ஸ்பிரிங், சுழற்றும் நாக்கு. அவற்றை மாற்றிப் பார்க்காமல் மிஷினை மாற்றுவது எனக்கு ஏற்கவில்லை. முதலில் சுத்தம் செய்து பார்க்கட்டும்.

பித்தளைப்பிரியன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிட்டு மிஷினைக் கழற்றினேன்.

லேத்காரன் அண்ணா, நடு போல்ட் விரலாலேயே சுழன்றது. செட் ஸ்க்ரூ இருந்த துளை காலி, முன்பு வைத்திருந்தவரிடமிருந்தே அது இல்லாமல்தான் வந்திருக்கிறது போல. பிரைமர் ஸ்லைடு பள்ளத்தில் எண்ணெயும் கரியும் பவுடரும் சேர்ந்து களிம்பாகக் கிடந்தது, துடைத்தெடுத்தேன். துருத்திய பிரைமர்களை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன், நீங்கள் சொன்ன அந்தப் பள்ளம் பலவற்றில் அப்படியே இருக்கிறது, ஒன்றில் மணியின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டு பச்சை கலந்த சாம்பல் நிறத்தில் தெரிந்தது. ஹெட்ஸ்டாம்ப் சொன்னபடி .45 கேஸ்களைக் கவிழ்த்து அடுக்கியதில் சின்னக் குழி வைத்தவை கணிசமாகவே கலந்திருந்தன. இரும்புக் கவசக் குழாய் இருக்கிறது, நல்லவேளை.

சரியான அளவு செட் ஸ்க்ரூ வாங்கிப் போட்டு இறுக்கிய பிறகு, காலிக் கேஸ்களை வைத்து ஓட்டினேன். தட்டு முழுதாகச் சுழல்கிறது, டைமிங்கைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. பிரைமர்கள் அடிமட்டத்தைவிட ஒரு மயிரிழை உள்ளே உட்காருகின்றன.

மிச்சம் இருப்பது இரண்டு. துள்ளல் குறைந்திருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை. நீளம் முன்பைவிடப் பரவாயில்லை, ஆனாலும் வரிசையில் முதல் சிலதும் கடைசி சிலதும் மட்டும் மற்றவற்றிலிருந்து மாறுபடுகின்றன. அது ஏன்? அதோடு பவுடரை அளந்து போடும் மெஷர் தரும் அளவும் தராசில் கொஞ்சம் அலைகிறது, மெஷரை நம்புவதா தராசை நம்புவதா தெரியவில்லை.

லேத்காரன்:

முதலும் கடைசியும் மாறுபடுகிறது என்றீர்களே, அதிலேயே பதில் இருக்கிறது. தட்டு நிறைந்திருக்கும்போது சைஸிங் டை, வாய் விரிக்கும் டை, சீட்டிங் (புல்லட்டை உட்கார வைப்பது), கிரிம்ப் (கேஸ் வாயைப் புல்லட்டோடு இறுக்குவது) எல்லாம் சேர்ந்து தட்டைக் கீழே அழுத்துகின்றன. ஆரம்பத்திலும் முடிவிலும் தட்டு பாதி காலி, அழுத்தம் குறைவு, தட்டு கொஞ்சம் வேறு மாதிரி உட்காரும். அந்த வித்தியாசம் நீளத்தில் வரும். சீட்டிங் டையை ஒற்றைக் கேஸை வைத்து செட் செய்தால் இப்படித்தான் ஆகும். எல்லா ஸ்டேஷனிலும் கேஸ் நிற்கும்போது அளந்து செட் செய்யுங்கள், லாக்நட்டையும் டைக்கு அழுத்தம் இருக்கும்போதே இறுக்குங்கள், அப்போது டை மரையின் சின்ன இடைவெளி ஒரே பக்கமாக ஒதுங்கிவிடும். முதலும் கடைசியும் வருவதைத் தனியாக எடுத்து அளந்து வையுங்கள், அவ்வளவுதான்.

9 எம்எம்முக்கு அதிகபட்ச முழு நீளம் 1.169 அங்குலம், அதாவது 29.69 மி.மீ. ஆனால் அது மேல் வரம்பு மட்டும். உங்கள் புல்லட்டின் மூக்கு வடிவத்துக்கு லோடிங் புத்தகத்தில் என்ன நீளம் போட்டிருக்கிறதோ அதையே பிடியுங்கள். அதைவிட ஆழமாகப் புல்லட் போனால் 9 எம்எம் மாதிரி சின்னக் கேஸில் அழுத்தம் விறுவிறுவென்று ஏறும். முடித்த தோட்டாவைக் கழற்றிய பேரலில் போட்டுப் பாருங்கள், 'டங்' என்று தன் எடையில் விழ வேண்டும், சுழல வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும்.

துள்ளலுக்கு, தட்டின் அடியில் ஒரு சின்ன உருண்டையும் அதன் கீழ் ஸ்பிரிங்கும் இருக்கும், தட்டு ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வந்து பதிவது அதில்தான். ஸ்பிரிங் விறைப்பாக இருந்தால் உருண்டை பள்ளத்தில் விழும்போது தட்டு சுளீரென்று நிற்கும். மென்மையான ஸ்பிரிங் போடுபவர்கள் உண்டு. அதற்கு முன் கைப்பிடியை மேலே விடும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். கீழே இழுப்பதை எல்லாரும் நிதானமாகச் செய்வார்கள், மேலே போகும்போது அதைச் சும்மா விட்டுவிடுவார்கள், சிதறுவது பெரும்பாலும் அப்போதுதான்.

நிதானி:

தராசு, மெஷர் இரண்டில் எதையும் கண்ணை மூடி நம்பாதீர்கள். 1 கிரெய்ன் என்பது 0.0648 கிராம், 7000 கிரெய்ன் சேர்ந்தால்தான் ஒரு பவுண்ட். நாம் பேசுவது ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைப் பற்றி, ஆறரை மில்லிகிராம். மின்விசிறிக் காற்று பட்டாலே டிஜிட்டல் தராசு அவ்வளவு அலையும். விசிறியை நிறுத்துங்கள், தராசை முன்கூட்டியே ஆன் செய்து சூடாக விடுங்கள், பிரஸ் இருக்கும் மேஜையிலேயே வைக்காதீர்கள். செக் வெயிட் என்று துல்லியமான எடைக்கட்டிகள் கிடைக்கும், நீங்கள் போடப்போகும் அளவுக்குப் பக்கத்து எடையை வைத்து ஆரம்பத்தில் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை சரிபாருங்கள். தராசு நிலையாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மெஷரைக் குறை சொல்ல முடியும்.

மெஷரைப் பார்க்க, பத்து தடவை போட்டதை ஒன்றாக நிறுத்திப் பத்தால் வகுங்கள், பிறகு தனித்தனியாகவும் சிலவற்றை நிறுத்துங்கள். சராசரி சரியாக இருந்து தனித்தனியே அலைந்தால் அது பவுடர் பாயும் விதத்தில் இருக்கும் குறை. உருண்டை பவுடர் தண்ணீர் மாதிரி ஓடும், குச்சி பவுடர் வாயில் ஒன்றோடொன்று குறுக்கே நின்று பாலம் போடும், ஒரு தடவை குறைந்து அடுத்த தடவை கூடி விழும். ஹாப்பர் நிரப்பிய உடனே விழும் முதல் சிலவற்றைத் திருப்பிக் கொட்டிவிடுங்கள், பவுடர் குலுங்கிக் குலுங்கி அடங்க வேண்டும். ஹாப்பர் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், உள்ளே ஒரு பேஃபிள் தகடு இருந்தால் இன்னும் சீராக இருக்கும். ஆரம்ப அளவு லோடிங் புத்தகத்தில் உள்ள தொடக்க அளவுதான், யாரோ இணையத்தில் சொன்ன அளவு இல்லை, என்னுடையது உட்பட. அதனால்தான் நான் இங்கே எந்த எண்ணும் எழுதுவதில்லை.

வேலை முடிந்ததும் பவுடரை ஹாப்பரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நைட்ரோகிளிசரின் கலந்த பவுடர்கள் நாள்பட்டால் பிளாஸ்டிக்கை அரித்து மங்கலாக்கும். அதைவிடப் பெரிய காரணம், அடுத்த வாரம் வந்து பார்க்கும்போது உள்ளே இருப்பது எந்தப் பவுடர் என்று பெயர்ச்சீட்டு சொல்லாது. மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா.

ஹெட்ஸ்டாம்ப்:

களிம்பைத் துடைத்தேன் என்கிறீர்கள், எதை வைத்துத் துடைத்தீர்கள்? காய்ந்த துணியால் உதறியிருந்தால் அந்த அறையை ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். சுட்ட பிரைமரின் கரியில் ஈயம் இருக்கிறது, பெரும்பாலான பிரைமர்களில் வெடிக்கும் கலவையே லெட் ஸ்டிஃப்னேட். டம்ளரில் (கேஸ்களைக் குலுக்கிச் சுத்தம் செய்யும் மிஷின்) உமி மாதிரியான மீடியா போட்டுக் கேஸ் கழுவுபவர்கள் அந்தத் தூசியை மூச்சில் இழுக்கிறார்கள், மூடியை வீட்டுக்குள் திறக்கவே கூடாது. தண்ணீரும் ஸ்டீல் ஊசியும் வைத்துக் கழுவினால் தூசி பறக்காது, ஆனால் அந்தத் தண்ணீரைச் சமையல் தொட்டியில் ஊற்றாதீர்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இன்னும் கண்டிப்பு வேண்டும். கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் சாப்பாட்டுப் பக்கம் போகாதீர்கள்.

பித்தளைப்பிரியன்:

ஈரத்துணியில்தான் துடைத்தேன், கையுறையும் போட்டிருந்தேன், ஆனால் டம்ளரை வீட்டுக்குள்தான் திறந்துகொண்டிருந்தேன், இனி வெளியே மாற்றிவிடுகிறேன்.

தட்டு நிறைய கேஸ் வைத்து சீட்டிங் டையை மறுபடி செட் செய்தேன், நடுவில் வருபவை இப்போது கைக்கு ஒன்றாகவே நிற்கின்றன. தராசுக்குப் பக்கத்தில் விசிறி ஓடிக்கொண்டிருந்தது, நிறுத்தியதும் எண் அசையாமல் நின்றது. பவுடர் செக் டைக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம்: ஐந்து ஸ்டேஷனில் பவுடர் செக் டை ஓர் இடத்தை எடுத்துக்கொண்டால் சீட்டிங்கையும் கிரிம்ப்பையும் ஒரே டையில் சேர்க்க வேண்டி வருமா? தனித்தனியாக வைப்பதுதான் எனக்குப் பழக்கம்.

நிதானி:

உங்கள் மிஷினில் வாய் விரிப்பதும் பவுடர் போடுவதும் ஒரே டையில் நடக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலான புரோகிரஸிவ்வில் பவுடர் இறங்கும் குழாயே வாயை விரிக்கும். அப்படியானால் சைஸிங், பவுடர், செக், சீட்டிங், கிரிம்ப் என்று ஐந்தும் சரியாக வந்துவிடும், எதையும் சேர்க்க வேண்டாம். விரிப்பதற்குத் தனி டை வேண்டும் என்றால் சீட்டிங்கையும் கிரிம்ப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், செக்கை விட்டுவிடாதீர்கள். 9 எம்எம்மும் .45 ஏசிபியும் கேஸ் வாயில்தான் சேம்பரில் (தோட்டா உட்காரும் பேரலின் பின்பகுதி) நிற்கின்றன, அதனால் லேசான டேப்பர் கிரிம்ப் போதும், விரித்த வாயை மூடினால் சரி.